பாகை சுருங்கும் வடக்கு

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே நூல் பிடித்தாற்போல ஒரு கோடு இழுத்தால் அதன் நீளம் ஏறத்தாழ 37 கிலோமீட்டர். விழுப்புரத்தை அடுத்த காணையில் இருப்பவர் டவுன் பஸ் ஏறி விழுப்புரம் வருகிறார். அங்கே சென்னை போகும் பேருந்தைப் பிடித்து, விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டித் திண்டிவனத்தில் இறங்குகிறார். கல்லூரிக்கும் வேலைக்கும் கல்யாணத்துக்கும் காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரம் அது. அதை யாரும் ஒரு பயணமாகவே எண்ணுவதில்லை.

நார்வேயின் வடகிழக்கு மூலையில், பேரண்ட்ஸ் கடலைப் பார்த்தபடி, பெர்லவோக், போட்ஸ்ஃபியோர்ட் என்று இரண்டு மீன்பிடி ஊர்கள் இருக்கின்றன. ஒன்றில் ஆயிரம் பேர் அளவில், மற்றதில் இரண்டாயிரத்தை ஒட்டி மக்கள். இரண்டு ஊர்களுக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 39 கிலோமீட்டர். விழுப்புரம் திண்டிவனத்தைவிட இரண்டே கிலோமீட்டர் அதிகம். ஆனால் அங்கே இரண்டு ஊருக்கும் தனித்தனி விமான நிலையம் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் பயணிகள் விமானம் பறக்கிறது.

இது ஆடம்பரம் அல்ல. கடலோரமாக நேர்ச்சாலை போட முடியாத பாறைக்கரை அது. ஓர் ஊரிலிருந்து உள்நாட்டு மேட்டுநிலத்துக்கு ஏறி, ஒரு பிரிவில் திரும்பி, மறுபடி கடலுக்கு இறங்கித்தான் அடுத்த ஊரை அடைய வேண்டும். சாலை நேர்தூரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் நீள்கிறது. குளிர்காலத்தில் காற்று பனியை வாரி இறைக்கும்போது மேட்டுச் சாலையை மூடிவிடுவார்கள்; இல்லாவிட்டால் பனி அள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகப் போகத்தான் விடுவார்கள். கரையோரக் கப்பலில் போனால் சுமார் இரண்டு மணி நேரம். நோயாளி, மருத்துவர், தபால் என்று காத்திருக்க முடியாத எல்லாவற்றுக்கும் விமானமே வழி.

இந்த ஊர்கள் இருக்கும் ஃபின்மார்க் பகுதி தமிழருக்குப் புதியதும் அல்ல. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோணி ராஜேந்திரம் 1956-இல் நார்வே சென்றார். பின்னர் நார்வேக்காரர்களோடு சேர்ந்து 1967-இல் 'சீ-நோர்' என்ற மீன்பிடி வளர்ச்சித் திட்டத்தை யாழ்ப்பாணத்தில் தொடங்கினார். அவர் திறந்த வழியில் மாணவர்கள் போனார்கள். 1980-களில் போர் மூண்டதும் அகதிகள் போனார்கள். வடகரையின் மீன் பதனிடும் ஆலைகளில் ஆள் தேவைப்பட்டது. பனங்கூடலிலிருந்து போனவர்கள் துருவ வட்டத்துக்கு வடக்கே, இரண்டு மாதம் சூரியனே எழாத ஊர்களில், காட் மீனை அறுத்துப் பெட்டியில் அடுக்கினார்கள். போட்ஸ்ஃபியோர்டும் அவ்வகை ஊர்களில் ஒன்று. ஒஸ்லோவில் உறவினர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போக வேண்டுமென்றால் அவர்களும் இந்தச் சிறு விமானத்தில்தான் ஏற வேண்டும்.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? இன்று கைபேசியில் கேட்டால் நொடியில் விடை வந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தூரத்தை யாரும் டேப் பிடித்து அளக்கவில்லை. இரண்டு இடங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கணினிக்குத் தெரியும்; அந்தப் பாகைகளைக் கிலோமீட்டராக மாற்றித் தருகிறது. அப்படியானால் ஒரு பாகைக்கு எத்தனை கிலோமீட்டர்? இந்தக் கேள்விக்கு உலகம் கண்ட விடையின் ஒரு பகுதி நம் ஊர்ப்பக்கத்து மண்ணில் அளக்கப்பட்டது.

1802 ஏப்ரலில், சென்னை பரங்கிமலைக்கு அருகே, வில்லியம் லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி எஃகுச் சங்கிலியை வைத்து ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். அதிலிருந்து முக்கோணங்களைத் தொடுத்துக்கொண்டே தெற்கே போனார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். கோணம் பார்க்க அவருக்கு வந்த தியோடலைட் அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் அதைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு சென்னைக்கே திருப்பி அனுப்பியது. இரண்டு நாடும் பகையாக இருந்த காலத்தில் ஓர் அறிவியல் கருவிக்குக் கிடைத்த மரியாதை அது.

முக்கோணங்கள் இன்றைய செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் மேலாகப் போயின. வடமுனை பொன்னேரிப் பக்கம், லாம்ப்டனின் குறிப்பில் 'பௌட்ரி' என்று வரும் இடம். தென்முனை கடலூரை அடுத்த திருவந்திபுரம். இரண்டு முனையிலும் இரவில் ஒரே விண்மீன்களைப் பார்த்து, அவை தலைக்கு நேர் மேலிருந்து எவ்வளவு விலகிக் கடக்கின்றன என்று குறித்தார்கள். அந்த விலகல்களின் வேறுபாடுதான் இரண்டு இடங்களின் அட்சரேகை வேறுபாடு: 1 பாகை 34 நிமிடம் 56 விநாடி. கோணத்தில் ஒரு விநாடி பிசகினால் தரையில் 31 மீட்டர் பிசகும். கொசுக்கடிக்கு நடுவே, எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், அந்த நுட்பத்தை அவர்கள் எட்டினார்கள். சங்கிலியைச் சுமந்தவர்கள், குன்றின் உச்சியில் கொடி பிடித்து நின்றவர்கள், அரை டன் கருவியைத் தோளில் ஏற்றியவர்கள் எல்லோரும் இந்த நாட்டு மக்கள். லாம்ப்டனின் பெயர் நூல்களில் இருக்கிறது. அவர்கள் பெயரும் இருந்திருக்க வேண்டும்.

தரையில் அளந்த நீளத்தை வானில் அளந்த கோணத்தால் வகுத்தால் விடை. லாம்ப்டன் 1805-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே அட்சரேகை குறிக்கப்பட்டிருக்கிறது: 12 பாகை 32 நிமிடம். திண்டிவனத்துக்குச் சற்று வடக்கே, மதுராந்தகத்தின் நேர் அது. அந்த இடத்தில் வடக்கு தெற்காக ஒரு பாகையின் நீளம், இன்றைய அலகில் சொன்னால், ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர் என்று அவர் கண்டார். செயற்கைக்கோள்களை வைத்து இன்று கணக்கிட்டாலும் 110.6 என்றுதான் வருகிறது.

ஏன் அட்சரேகையைத் தலைப்பிலேயே போட்டார்? ஏனென்றால் ஒரு பாகையின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். பூமி சரியான உருண்டை அல்ல. நடுவே சற்றுப் பருத்து, துருவங்களில் சற்றுத் தட்டையானது. நடுவிலிருந்து நிலநடுக்கோட்டுக்கு உள்ள தூரத்தைவிடத் துருவத்துக்கு உள்ள தூரம் 21 கிலோமீட்டர் குறைவு. தட்டையான இடத்தில் வளைவு குறைவு. வளைவு குறைந்த இடத்தில் வானக்காட்சி ஒரு பாகை மாற இன்னும் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும். இதைச் சோதிக்க 1735-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு குழுவை இன்றைய எக்வடோருக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு மொப்பெர்துயியின் தலைமையில் இன்னொரு குழு லாப்லாந்துக்குப் போய், பனி உறைந்த ஆற்றின் மேல் அடிக்கோட்டை அளந்தது. வடக்கே பாகை நீளம் என்று தெரிந்தது.

லாப்லாந்துக்கும் வடக்கே அடுத்த நூற்றாண்டில் நடந்த வேலை இன்னும் பெரியது. 1816 முதல் 1855 வரை ஃபிரெட்ரிக் கியோர்க் வில்ஹெல்ம் ஸ்ட்ரூவ் கருங்கடல் பக்கத்திலிருந்து வடக்கே 2,820 கிலோமீட்டர் நீளும் முக்கோணச் சங்கிலி ஒன்றை அளந்தார். அது முடிந்த இடம் ஃபின்மார்க்கின் ஹாமர்ஃபெஸ்ட். அங்கே அதன் நினைவாக ஒரு தூண் நிற்கிறது. 2005-இல் யுனெஸ்கோ அந்த அளவைக்கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. லாம்ப்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் இந்திய அளவைக்கோட்டைக் கன்னியாகுமரியிலிருந்து இமய அடிவாரம் வரை முடித்தார். பூமியின் வடிவத்தைக் கணக்கிட்ட அறிஞர்கள் இந்திய அளவையையும் ஸ்ட்ரூவின் அளவையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். தெற்கே ஒரு வளைவு, வடக்கே ஒரு வளைவு, இரண்டும் இல்லாமல் தட்டையின் அளவு பிடிபடாது. பெர்லவோக்கிலிருந்து எழும் விமானத்தின் கணினிக்குள் இருக்கும் பூமியின் முன்னோர்களில் ஒன்று, திருவந்திபுரத்துக்கும் பொன்னேரிக்கும் நடுவே அளந்த பூமி. இந்தத் தொடர்பைப் பள்ளிப் பாடத்தில் சொல்லிக்கொடுக்காமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

பெர்லவோக் பக்கம் ஒரு பாகையின் நீளம் 111.6 கிலோமீட்டர். திண்டிவனத்துப் பாகையைவிட ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கூடுதல். பெர்லவோக் போட்ஸ்ஃபியோர்டுக்கு 0.27 பாகை வடக்கே இருக்கிறது. அந்த வேறுபாட்டை நம் ஊர்ப் பாகையால் பெருக்கினால் சுமார் 250 மீட்டர் தவறிப்போகும். அங்குள்ள ஓடுபாதைகள் ஒரு கிலோமீட்டர் அளவில்தான் நீளம் என்பதை நினைத்துப் பார்த்தால் 250 மீட்டர் என்பது சிறு பிழை அல்ல.

இது வடக்கு தெற்குக் கணக்கு. கிழக்கு மேற்குக் கணக்கில் நடப்பது இதைவிடப் பெரிய மாற்றம். தீர்க்கரேகைகள் எல்லாம் இரண்டு துருவத்திலும் போய்ச் சேர்கின்றன. ஆகவே வடக்கே போகப்போக இரண்டு தீர்க்கரேகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி குறுகிக்கொண்டே போகிறது. எவ்வளவு குறுகும் என்பதை அட்சரேகையின் கொசைன் சொல்லிவிடும். காணை இருக்கும் 12 பாகையில் கொசைன் 0.978, இங்கே ஒரு தீர்க்கப் பாகை 109 கிலோமீட்டர். 71 பாகையில் கொசைன் 0.326, அங்கே ஒரு தீர்க்கப் பாகை 36 கிலோமீட்டர்தான்.

ஃபின்மார்க்கிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். ஹொன்னிங்ஸ்வோக், மேஹாம்ன் என்ற இரண்டு விமான நிலையங்கள் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, தீர்க்கத்தில் 1.84 பாகை வேறுபாடு. விழுப்புரத்துக்கும் பெங்களூருவுக்கும் தீர்க்கத்தில் சற்றேறக்குறைய அதே வேறுபாடுதான். நம் பக்கத்தில் 1.84 பாகை என்றால் 200 கிலோமீட்டர். ஹொன்னிங்ஸ்வோக்கிலிருந்து மேஹாம்ன் 67 கிலோமீட்டர். வகுப்பறைச் சுவரில் தொங்கும் மெர்க்கேட்டர் வகை உலகப்படம் தீர்க்கரேகைகளை இணையாக வரைந்துவிடுவதால், அந்த இரண்டு ஊர்களும் உண்மையைவிட மூன்று மடங்கு விலகி நிற்பதாகத் தெரியும். கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

இந்தச் சுருக்கம் வடக்கே வாழ்பவர்களுக்கு மட்டும் உரிய விஷயமல்ல. சென்னையிலிருந்து டொரண்டோவுக்கு மிகக் குறுகிய வழி எது? படத்தைப் பார்த்தால் மேற்கே அரேபியா, ஆப்பிரிக்காவின் வடமுனை, அட்லாண்டிக் என்று கை போகும். ஆனால் உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய பாதை பெருவட்டத்தின் வில். சென்னைக்கும் டொரண்டோவுக்கும் தீர்க்கத்தில் கிட்டத்தட்ட 160 பாகை வேறுபாடு; ஏறக்குறைய பூமியின் எதிர்ப்புறம். அங்கே போக, தீர்க்கரேகைகள் நெருங்கிக் கிடக்கும் வடக்கைத் தொட்டுப் போவதுதான் சிக்கனம். நான் கணக்கிட்டுப் பார்த்தேன். நீளம் ஏறத்தாழ 13,400 கிலோமீட்டர். பாதை ஆப்கானிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா வழியாக வடக்கே ஏறி, வட அட்சம் 73 பாகைக்கு மேல் போய், கிரீன்லாந்தைக் கடந்து கனடாவுக்குள் இறங்குகிறது. ரஷ்யாவை விட்டு வெளியே வரும் இடம் ஃபின்மார்க். ஏறத்தாழ வாட்ஸோ என்ற ஊரின் மேலாக. போட்ஸ்ஃபியோர்டிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தெற்கே.

சென்னையில் இருக்கும் தமிழருக்கும் டொரண்டோவில் இருக்கும் தமிழருக்கும் இடையே இழுக்கும் நேர்கோடு, மீன் ஆலையில் வேலை செய்த தமிழரின் தலைக்கு மேல் போகிறது. இதை யாரும் திட்டமிடவில்லை. பூமியின் வடிவம் அப்படி. உண்மையில் விமானங்கள் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. போர், மூடிய வான்வெளி, மேற்காற்று, வழியில் இறங்க வேண்டிய நகரம் எல்லாம் பாதையை வளைக்கின்றன. ஆனாலும் எந்த வளைவும் இந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற கணக்கில்தான் எரிபொருளின் விலை இருக்கிறது.

தூரத்தை விட்டு நேரத்துக்கு வருவோம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்று பள்ளியில் படித்தோம். விமானத்துக்கு அது போதாது. எளிய உதாரணம் சென்னை யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது. தீர்க்கத்தில் வேறுபாடு பாகையில் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே லாம்ப்டனின் எண் ஒன்றே போதும்: 3.2 பாகையை 110.6-ஆல் பெருக்கினால் 354 கிலோமீட்டர். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம், ஒரு டகோட்டா, கொழும்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தபோது கடந்த வானம் இது. பிறகு போர் அந்த வழியை நீண்ட காலம் அடைத்தது. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறந்தது. நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏரின் ஏடிஆர் 72 விமானம் வரத் தொடங்கியது. கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது.

ஏடிஆர் 72 சீராகப் பறக்கும்போது மணிக்குச் சுமார் 510 கிலோமீட்டர் வேகம். 354 கிலோமீட்டருக்கு 42 நிமிடம் ஆக வேண்டும். கால அட்டவணை ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டிக் கொடுக்கிறது. மீதி அரை மணி எங்கே போகிறது? அட்டவணையின் நேரம் பறக்கும் நேரம் அல்ல. புறப்படும் இடத்தில் சக்கரக் கட்டையை எடுத்த நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் சக்கரக் கட்டை வைக்கும் நொடி வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குக் காத்திருப்பது, காற்றுக்கு எதிர்த்திசையில் எழுந்து பிறகு போகவேண்டிய திசைக்குத் திரும்புவது, மெதுவாக ஏறுவது, இறங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டே ஓடுபாதையின் நேருக்கு வருவது எல்லாம் அதற்குள் அடங்கும். இந்த அரை மணி நேரம் தூரம் எவ்வளவு ஆனாலும் பெரிதாக மாறாது. டில்லிக்குப் போனாலும் இருக்கும், திருச்சிக்குப் போனாலும் இருக்கும். அதனால்தான் குறுந்தூர விமானப் பயணம் எப்போதும் கணக்குக்கு மேல் நேரம் எடுப்பதாகத் தோன்றுகிறது. தூரம் குறையக் குறைய இந்த மாறாத பகுதியே பயணத்தை விழுங்கிவிடும்.

அதன் கடைக்கோடிதான் பெர்லவோக் போட்ஸ்ஃபியோர்ட். இங்கே பறப்பது விடேரோ நிறுவனத்தின் டேஷ் 8. 39 இருக்கைகள், இரண்டு சுழலிகள், சீரான வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டி. 39 கிலோமீட்டரை அந்த வேகத்தில் கடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் விமானம் அந்த வேகத்தை எட்டுவதே இல்லை. இறங்குபாதையின் சரிவு வழக்கமாக 3 பாகை. அந்தச் சரிவில் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர 19 கிலோமீட்டர் தேவை. பயணத்தின் பாதி அதிலேயே போய்விட்டது. மீதிப் பாதியில் பெரும்பகுதி ஏறுவதற்கு. சமமாகப் பறப்பது என்று ஒன்று அங்கே அநேகமாக இல்லை. ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பயணம் முடிகிறது. விழுப்புரத்திலிருந்து கிளம்பிய பேருந்து அந்த நேரத்தில் விக்கிரவாண்டியைத் தாண்டினால் பெரிது.

இதைவிடவும் குறுகிய பயணம் ஸ்காட்லாந்தின் வடக்கே ஓர்க்னித் தீவுகளில் உண்டு. வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு 2.7 கிலோமீட்டர். லோகனேர் நிறுவனம் 1967 முதல் பறக்கிறது. அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று பின்னாலிருந்து தள்ளிய ஒரு நாளில் 53 விநாடியில் முடிந்திருக்கிறது. உலகின் மிகக் குறுகிய அட்டவணைப் பயணம் அதுவே.

காற்று பின்னாலிருந்து தள்ளினால் மிச்சமாகும் நேரம், திரும்பி வரும்போது காற்று எதிர்த்தால் போய்ச் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. 354 கிலோமீட்டரை மணிக்கு 500 கிலோமீட்டரில் காற்றில்லாமல் போய்வந்தால் 85 நிமிடம். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று வீசினால் ஒரு திசையில் வேகம் 600. 35 நிமிடத்தில் போய்விடலாம். மறுதிசையில் வேகம் 400, 53 நிமிடம். கூட்டினால் 88-க்கும் மேல். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது. உதவும் காற்றில் குறைந்த நேரமே இருக்கிறது. ஆகவே சீரான காற்று எந்தத் திசையில் வீசினாலும் போய்வரும் மொத்த நேரத்தைக் கூட்டத்தான் செய்யும், ஒருபோதும் குறைக்காது.

ஃபின்மார்க்கில் காற்று நேரத்தோடு நிற்பதில்லை. அங்குள்ள சிறு நிலையங்களில் பல 1970-களில் கட்டப்பட்டவை. பெர்லவோக்கும் மேஹாம்னும் 1974-இல் திறந்தன. முதலில் பறந்தவை ட்வின் ஆட்டர் என்ற சிறு விமானங்கள். 1982 மார்ச் 11 அன்று பெர்லவோக்கிலிருந்து மேஹாம்னுக்குப் பறந்த ட்வின் ஆட்டர் கடலில் விழுந்து 15 பேரும் இறந்தார்கள். பல ஆண்டுகள் விவாதங்களும் மறு விசாரணைகளும் நடந்தன. மலைமுகட்டைத் தாண்டி வந்த கடும் காற்றுக் கொந்தளிப்பில் விமானத்தின் வால் பகுதி முறிந்தது என்பதே விசாரணைக் குழுக்கள் கண்ட காரணம். மேட்டுநிலம் சட்டென்று கடலில் முடிகிற கரை அது; அதன்மேல் வரும் காற்று, முகட்டின் மறுபக்கத்தில் சுழன்று கீழே பாயும். ஆயிரம் கிலோமீட்டர் பறக்கும் பெரிய விமானம் இத்தகைய காற்றின் மேலே ஏறித் தப்பிவிடும். 39 கிலோமீட்டர் பறப்பதற்கு மேலே ஏற இடமில்லை. குறுந்தூரப் பயணம் எளிது என்ற எண்ணம் அந்த ஊர்க்காரர்களிடம் கிடையாது.

ஒரு விந்தையையும் இங்கே சொல்ல வேண்டும். பூமி 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. காணை நிற்கும் அட்சரேகையில் தரை மணிக்கு 1,630 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. இன்று பறக்கும் எந்தப் பயணிகள் விமானமும் அந்த வேகத்தை எட்டாது. பெர்லவோக்கில் வட்டம் சிறியது; தரையின் வேகம் மணிக்கு 550 கிலோமீட்டர் அளவுதான். ஆகவே அங்கே மேற்கு நோக்கிப் போகும் ஒரு டேஷ் 8 சீரான வேகத்தை அடைந்தால், சூரியனோடு கிட்டத்தட்ட சேர்ந்தே நகரும்; சன்னலில் தெரியும் சூரியன் இருந்த இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கும். மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் ஜெட் அதே திசையில் பறந்தால் சூரியனை முந்திவிடும். மறைந்த சூரியன் மேற்கே மறுபடி எழுவதை உள்ளே இருப்பவர்கள் பார்க்கலாம். மீன் ஆலையில் வேலை முடித்து, தை மாதத் தொடக்கத்தில், இரண்டு மாதம் காணாத சூரியனை முதன்முதலாக விமானச் சன்னலில் பார்த்தவர்கள் நம் மக்களிலும் இருந்திருப்பார்கள். தரையில் இருள் கவிந்திருக்கும் நாட்களிலும் சற்று மேலே ஏறினால் அடிவானம் தாழ்ந்து, சூரியன் முன்கூட்டியே கண்ணில் படும்.

இவ்வளவு குறுகிய தூரங்களுக்கு எரிபொருள் எரிக்க வேண்டுமா, மின்கலத்திலேயே பறந்துவிடக் கூடாதா என்று நார்வே நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நாட்டின் விமான நிலையங்களை நடத்தும் அவினோர் நிறுவனம், 2040-க்குள் குறுந்தூரப் பயணங்களை மின் விமானத்துக்கு மாற்றுவது குறிக்கோள் என்று 2018-இல் அறிவித்தது. 2021-இல் விடேரோவும் ரோல்ஸ் ராய்ஸும் இத்தாலியின் டெக்னாமும் சேர்ந்து, ஒன்பது பேர் போகும் மின் விமானம் ஒன்றை 2026-இல் பறக்கவிடத் திட்டமிட்டன. 2023-இல் டெக்னாம் அதை நிறுத்திவைத்தது. மின்கலம் போதிய அளவு வளரவில்லை என்பது அது சொன்ன காரணம்.

39 கிலோமீட்டருக்குக்கூடவா மின்கலம் போதாது என்று தோன்றும். போதும். தடை 39 கிலோமீட்டரில் இல்லை. ஒரு கிலோ விமான எரிபொருளில் 43 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் மின்கலத்தில் ஒரு மெகாஜூலை ஒட்டித்தான் இருக்கிறது. மின் மோட்டார் எரிபொருள் எந்திரத்தைவிடத் திறமானது என்பதைக் கழித்துக்கொண்டாலும் இடைவெளி மிகப் பெரிது. மேலும் எந்தப் பயணிகள் விமானமும் போகும் தூரத்துக்கு மட்டும் ஆற்றலை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. போய்ச் சேரும் ஊரில் பனிப்புயல் என்றால் வேறொரு நிலையத்துக்குப் போகவும், அதற்கும் மேல் அரை மணி நேரமாவது வட்டமடிக்கவும் கையில் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து டில்லி போகும் விமானத்துக்கு அந்தக் கையிருப்பு மொத்தத்தில் ஒரு சிறு பங்கு. பெர்லவோக்கிலிருந்து போட்ஸ்ஃபியோர்டுக்குக் கிளம்பும் விமானத்துக்குப் பயணத்தைவிடக் கையிருப்பு பல மடங்கு. எரிபொருள் எரிந்து விமானம் இலேசாகும். மின்கலம் தீர்ந்தாலும் எடை குறையாது. அந்த முழு எடையோடுதான் ஒரு கிலோமீட்டர் ஓடுபாதையில், மலைமேட்டிலிருந்து பாயும் காற்றில், இறங்க வேண்டும்.